தனுஷ்கோடி போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. வெள்ளி சாயங்காலம் கோத்தகிரியில் கிளம்புகிறோம், சனி விடியலில் தனுஷ்கோடியில் கடற்காகங்களை (சீகல் பறவைகளை) படம் பிடிக்கிறோம்.

முதலில் லென்ஸ். நம்ம ஊர்க் குளிரில் இருந்த கேமராவை ஏசி வண்டியில் கொண்டுபோய், கடற்கரையில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். போன தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. அருமையான காலை வெளிச்சம் கண்ணெதிரே போய்விட்டது. இறங்கியதும் அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள்.

கடற்காகம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருந்தால் பறவையின் முகம் கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/2000 நொடி. பின்னால் கருநீலக் கடல் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, கொஞ்சம் இறக்குங்கள். இல்லாவிட்டால் வெள்ளை இறகில் வரியே தெரியாது.

பழுப்புத்தலைக் கடற்காகம் என்று பெயர்தான், இப்போது பழுப்புத் தலையைத் தேடாதீர்கள். குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் மை வைத்த மாதிரி ஒரு பொட்டு மட்டும் இருக்கும். லடாக், திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்து இளைப்பாறுகிற பறவைகள். படத்துக்காகக் கூட்டத்துக்குள் ஓடுவது, மிக்சர் வீசுவது யாரும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வருகிறவர்கள் புதன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.