பத்து கிலோவுக்குள் நாய் கேட்கும் எங்கள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். பொதுக்குழுவுக்காக நீங்கள் சுற்றுக்கு விட்ட வரைவு விதிகளைப் படித்தேன். தண்ணீர் லாரிக் கணக்கு, விருந்தினர் பார்க்கிங் எல்லாம் சரி, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். செல்லப்பிராணிகள் பகுதியில்தான் முட்டி நின்றேன். இனி புதிதாக நாய் வளர்க்கிறவர்கள் பத்து கிலோவுக்கு உட்பட்ட சிறிய இன நாய்களை மட்டுமே வளர்க்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அதற்கு விழுந்த கட்டைவிரல்களைப் பார்த்தால் அப்படியே நிறைவேறிவிடும் போலத் தெரிகிறது, அங்கே நாலு வரி போட்டால் எட்டு வரி சண்டை வரும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு, உங்களுக்கே தெரியும். நாட்டு நாய், பத்து கிலோவைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. ஏற்கெனவே இருக்கும் நாய்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறீர்கள் என்பதால் இந்த விதியால் எனக்கு நேரடி நஷ்டம் ஏதுமில்லை. ஆனால் லிஃப்ட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் இப்போது என்னிடம் "சின்ன நாயா எது வாங்கலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். விதி வருவதற்கு முன்பே அது வேலையைக் காட்டுகிறது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், எனக்கும் அதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறிய நாய் என்றால் சரி, பெரிய நாய் என்றால் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் அளவை வைத்துக் கட்டுப்பாடு போட முடியாது என்று தெளிவாகவே இருக்கிறது. லிஃப்ட்டைத் தடுக்கக் கூடாது, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் இதே கதைதான். யாராவது ஒருவர் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பதில் எழுதும் செலவு நம் மெயின்டனன்ஸ் பணத்தில்தான் போகும்.

அப்புறம், உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறிய பிறகு இந்த ஊரில் குழந்தை வைத்திருக்கும் எவருக்கும் அந்தப் பயம் போகவில்லை, போகவும் வேண்டாம். பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிசு, அதில் வாதமே கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்த நாய்கள் கயிறில்லாமல் இருந்தன என்பதை நாம் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம். உங்கள் வரைவில் கயிறு பற்றி ஒரு வார்த்தை இல்லை. எடை இருக்கிறது, கயிறு இல்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்ன நாய் என்றால் சத்தம் இருக்காது, தொந்தரவு இருக்காது, பிளாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்பதுதான் இந்த விதிக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை. போன வருஷம் சங்கத்துக்கு வந்த நாய்ப் புகார்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசி குரைக்கிற புகார், குரைத்தவை முக்கால்வாசி மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவில் இருப்பவை. இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நம் ஊரில் பாம், அதாவது பாமரேனியன் என்று சொல்லி வளர்க்கிறோமே, அது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். காலிங் பெல், கூரியர் பையன், எதிர்வீட்டுச் செருப்புச் சத்தம் என்று ஒன்றையும் விடாது. லாசா ஆப்சோ திபெத்து மடங்களில் உள்ளே யார் வந்தாலும் குரல் கொடுக்க வைத்திருந்த நாய். டேஷண்டைக் குட்டைக் காலோடு உருவாக்கியதே வளைக்குள் புகுந்து வேட்டையாட. அந்தச் சிறு உடம்பிலிருந்து வரும் குரலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் உள்ளே அல்சேஷன் இருப்பதாக நினைப்பீர்கள். பீகிளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முயல் வாசனை பிடித்துக் கூட்டமாக ஓட வளர்க்கப்பட்ட இனம், அதை ஐ.டி. வேலைக்குப் போகும் தம்பதி காலையிலிருந்து ராத்திரி வரை ஒற்றையாகப் பூட்டி வைத்தால் அது ஊளையிடாமல் கந்த சஷ்டி கவசமா சொல்லும்? எடையும் சரியாகப் பத்து கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். தீபாவளிக்கு நாலு மைசூர்பாகு தின்றால் விதியை மீறிவிடும், செக்யூரிட்டி அண்ணா கேட்டில் தராசு வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சத்தம் நம் பிரச்சினை. நாயின் பிரச்சினை வேறு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

2003 வாக்கில் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பக் நடந்து வந்ததே, அதிலிருந்து பிளாட் நாய் என்றால் பக் என்றாகிவிட்டது. உங்கள் விதி வந்தால் இன்னும் நாலு பக் வரும், நாலு ஷிட்சூ வரும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும், நாக்கிலும் மூக்கின் உள்ளேயும் இருக்கும் ஈரம் காற்றில் போனால்தான் உடம்பு குளிரும். பக்குக்கு மூக்கே சப்பை, உள்ளே இடமில்லை, தொண்டைக்குள் தொங்கும் சதை வேறு மூச்சை மறிக்கும். சென்னையிலோ வெயிலைவிடப் புழுக்கம் மோசம், காற்றே ஈரமாக இருக்கும்போது நாக்கின் ஈரம் எங்கே போகும்? நம் பேஸ்மென்ட் சரிவில் மே மாதம் காலை எட்டரைக்கு ஒரு பக் ஏறுவதை நின்று பாருங்கள். பாதிச் சரிவில் கால்களை அகட்டிப் படுத்துவிடும். நாக்கு வாயைவிட அகலமாக விரிந்து ஓரம் கருநீலமாகத் தெரியும், ஒவ்வொரு மூச்சுக்கும் உறிஞ்சுகிற மாதிரி ஒரு கரகரப்பு. பக்கத்தில் நிற்கிறவர்கள் "எவ்வளவு க்யூட்டா குறட்டை விடுது!" என்பார்கள். அது குறட்டை இல்லை, மூச்சுத் திணறல்.

ஏ.சி. போட்டுவிடலாம் என்பீர்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடக் கூடாது என்பது நீங்கள் போட்ட விதிதானே.

ஷிட்சூவுக்கு மூக்கும் சப்பை, முடியும் தரை வரை. தினமும் சீப்பு வேண்டும், இல்லையென்றால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்குப் பிடித்து அதற்குள் உண்ணி குடும்பம் நடத்தும். டேஷண்டுக்கு முதுகு நீளம், தண்டுவட வட்டு பிதுங்கிப் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும் ஆபத்து பிறவியிலேயே உண்டு, லிஃப்ட் ரிப்பேர் ஆகும் நாட்களில் மாடிப்படி அதற்கு நல்லதல்ல. மிகச் சிறிய இனங்களுக்கு முழங்கால் சில்லு நழுவும், பல் சீக்கிரம் கெடும், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாலே மூச்சுக்குழாய் அமுங்கும் நாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு மார்போடு போடும் ஹார்னஸ்தான் போட வேண்டும். இதையெல்லாம் தெரிந்து, மருத்துவச் செலவையும் எடுத்துவைத்து, ஒருவர் ஷிட்சூ வளர்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. டி பிளாக்கில் இரண்டு ஷிட்சூக்கள் அருமையாக இருக்கின்றன, அந்த அம்மா முடியைக் குட்டையாக வெட்டிவிட்டு விடிவதற்குள் நடத்திவிட்டு வந்துவிடுவார். விதி சொன்னதே என்று வாங்குகிறவர் அப்படி இருக்கமாட்டார்.

அவர் எங்கே வாங்குவார் என்பதையும் யோசியுங்கள். "டீகப்" என்று சொல்லி ஒரு கையில் அடங்கும் குட்டியைக் காட்டுவார்கள், "இதுக்கு மேல வளராது சார்" என்பார்கள். வளராதது போலத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அது தாய்ப்பால் மறக்காத, வயிறு காய்ந்த குட்டி என்பதுதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே நாய் இனப்பெருக்க விதிகளில் இருக்கிறது. வாங்குகிறவர் அதைக் கேட்பதில்லை, தாய் நாயைக் காட்டு என்றும் கேட்பதில்லை. அந்த வயதில் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கடி வாங்கி, கடித்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ள வேண்டிய குட்டி, அதைக் கற்காமலேயே நம் பிளாட்டுக்கு வந்து பிள்ளைகளின் விரலில் பயிற்சி எடுக்கும். முதல் வாரத்தில் பார்வோ என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் வந்தால் அதற்கும் வாய்ப்பில்லாமல் போகும்.

பிளாட்டுக்கு எந்த நாய் என்று என்னைக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், காலையில் வெயில் ஏறுவதற்குள் யார் எழுந்து கூட்டிப்போவார்கள் என்பதைத்தான். பெரும்பாலும் மாமியாரைக் கைகாட்டுவார்கள், மாமியாரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதில் வந்த பிறகு குட்டியே வேண்டாம், இரண்டு மூன்று வயதான நாயாகப் பாருங்கள் என்பேன். வளர்ந்த நாயின் குணம், குரல், அளவு எல்லாம் கண்ணெதிரே தெரியும். வேளச்சேரிப் பக்கம் ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகம் போய்ப் பாருங்கள், தத்தெடுக்க நாய்கள் இருக்கும், பெரும்பாலும் நாட்டு நாய்கள். குட்டை முடி, நீள மூக்கு, இந்த வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த உடம்பு. காலையும் மாலையும் நன்றாக நடத்திவிட்டால் சோபாவுக்கு அடியில் படுத்தால் படுத்ததுதான். உங்கள் விதிப்படி அவற்றில் பெரும்பாலானவை தேறாது, பத்து கிலோவைத் தாண்டிவிடும். அதற்காக சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களைக் கொண்டுவந்து ஆறாவது மாடியில் வைக்கச் சொல்லவில்லை, அவை ஓடப் பிறந்தவை, அவற்றுக்கு நிலம் வேண்டும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். எடை வரியை அடித்துவிட்டு, நடத்தையைப் பற்றி எழுதுங்கள். பொது இடத்தில் எந்த நாயானாலும் கயிறோடுதான், கயிறு பிடிப்பவர் அதை அடக்கத் தெரிந்த பெரியவராக இருக்க வேண்டும். மாநகராட்சி உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். கழிவை வளர்ப்பவரே எடுக்க வேண்டும், ஹவுஸ்கீப்பிங் அக்கா தலையில் கட்டக் கூடாது, இதில் எங்கள் நாய் வளர்ப்பவர்கள் கூட்டம் ஒன்றும் யோக்கியமில்லை. நாளெல்லாம் பால்கனியில் கட்டிப்போடக் கூடாது என்பதையும் சேருங்கள், குரைப்புப் புகாரில் பாதி அதிலேயே குறையும். அடங்காமல் விட்டு யாரையாவது கடிக்க வைத்தால் அலட்சியமாக விலங்கு வைத்திருப்பவர்களுக்கான பாரதிய நியாய சன்ஹிதா குற்றச் சட்டத்தின் 291-ஆவது பிரிவு இருக்கிறது, அதற்குச் சங்கம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

நாயைக் கண்டாலே நடுங்குகிறவர்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு லிஃப்ட் இருப்பதால், உள்ளே ஆள் இருந்தால் நாயோடு நிற்பவர் அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருக்கட்டும். இது யாரும் மிரட்டாமலே நான் செய்வதுதான், மற்றவர்களையும் செய்ய வைக்கிறேன்.

பொதுக்குழுவில் இந்த ஒரு விதியை மட்டும் தனியாக விவாதத்துக்கு எடுங்கள், மொத்தமாகக் கைதூக்கச் சொல்லி முடித்துவிடாதீர்கள். மாற்று வாசகம் வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக்கில், அந்தப் பழுப்பு நாயோடு நடக்கிறவர்