உலோகத்தின் தோல்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள நண்பர் குமாரவேலுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருகோணமலையிலேயே ஆசிரியர் நியமனம் கிடைத்த செய்தி எங்கள் வீட்டாரையும் மகிழ்வித்தது. இங்கே யாவரும் நலம். ஓய்வு பெற்ற பின்பும் கிழமையில் இரண்டு நாட்கள் ஆய்வுகூடத்துக்குப் போய் வருகிறேன்.

கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் தைத்தேனிய இம்பிளான்ட், அதாவது தாடையெலும்பில் திருகிப் பதிக்கும் உலோகப் பல் வேர், வைக்கப் போவதாகவும், பல் வைத்தியர் காட்டிய திருகு மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்ததால் தரக்குறைவானதோ என்று ஐயுற்றதாகவும் எழுதியிருந்தீர். அந்த ஐயமே வேண்டாம். அந்தச் சொரசொரப்பை உண்டாக்குவதற்கென்றே பாடுபட்டிருக்கிறார்கள்.

எலும்பு அந்த உலோகத்தை நேரே தொடுவதேயில்லை. காற்றுப் பட்டவுடனேயே தைத்தேனியம் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலத்தைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் கணத்தில் மூடிக்கொள்கிறது. என் வீட்டு யன்னல் கம்பிகளைக் கடற்காற்று அரித்துத் தின்கிறது. தைத்தேனியமோ உப்பு கலந்த உடல் திரவத்துக்குள்ளும் கெடாமல் கிடக்கிறதென்றால் இந்தத் தோலினால்தான். சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க், முயல் எலும்பில் பொருத்திய தைத்தேனியக் கூடுகளைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு பற்றிக்கொண்டதை 1950களில் கண்டு, 1965இல் முதல் நோயாளிக்குப் பல் வேராக அந்த உலோகத்தைப் பொருத்தினார். அவை கடைந்தெடுத்த, ஓரளவு வழுவழுப்பான திருகுகள். எலும்பு இறுகுவதற்கு 3 முதல் 6 மாதங்கள் வரை காத்திருந்தார்கள்.

இப்போது அலுமினா மணிகளை வேகமாக வீசிப் பெரிய குழிகளை ஆக்கி, பின்னர் சூடான ஐதரோகுளோரிக், சல்பூரிக் அமிலங்களில் தோய்த்து, அக்குழிகளுக்குள்ளே இன்னும் நுண்ணிய குழிகளைப் பொறிக்கிறார்கள். மேடுபள்ளம் சராசரி 1 முதல் 2 மைக்ரோமீற்றர் அளவில் இருக்கும்போது எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. நல்ல எலும்பு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 வாரங்களிலேயே பல்லைப் பூட்ட முடிகிறது.

இதை என் மேசையில் கண்ணாரக் கண்டேன். அமிலத்தில் பொறித்துக் கழுவிய தைத்தேனிய வில்லையில் ஒரு துளி நீரை விட்டேன். பட்டதும் பரந்து ஒட்டிக்கொண்டது. அதே வில்லையைச் சில வாரங்கள் இழுப்பறையில் வைத்திருந்து மறுபடி ஒரு துளி விட்டபோது, சேம்பிலை நீர்போல உருண்டு நின்றது. காற்றிலுள்ள காபன் சேர்வைகள் படிந்துவிட்டதே காரணம். குருதி முதலில் தொடுவதும் இந்தப் பரப்பைத்தான் என்பதால், சில தயாரிப்பாளர்கள் திருகை உப்புநீரிலேயே அடைத்து அனுப்புகிறார்கள்.

எலும்பின் கனிமத்தைப் பூசும் முறையும் உண்டு. ஆயினும் பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு எல்லை இருக்கிறது. தடித்த பூச்சு அங்கேதான் உரிந்துவரக் கூடும். உலோகத்தின் சொந்தத் தோலையே மாற்றும் முறையில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். சொரசொரப்பிலும் ஒரு தீமை இல்லாமலில்லை: பற்றீரியாக்களுக்கும் அது வசதியான இருப்பிடம். எனவே பல் முரசைத் தொடும் கழுத்துப் பகுதி வழுவழுப்பாக இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளும்; பொருத்திய பின் அவ்விடத்தைத் துப்புரவாக வைத்திருப்பது உமது பொறுப்பு.

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணல் உமக்கு நினைவிருக்கும். அதிலுள்ள இல்மனைற்றும் உரூற்றைலும் தைத்தேனியத்தின் தாதுக்கள். நாம் மணலாக அனுப்பும் பொருள், பிற நாடுகளில் உலோகமாகித் திருகாகப் பெருவிலையில் திரும்புகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. உலோகத்தை உருக்கிப் பிரிக்கும் பெருந்தொழில் நமக்கு இப்போது எட்டாததாயினும், மேற்பரப்பைப் பொறிக்கும் வேலையைச் சிறிய கூடத்திலும் கற்றுச் செய்யலாம். அதனாலேயே இந்த வயதிலும் மாணவர்களுடன் போய் நிற்கிறேன்.

சத்திரசிகிச்சை நாள் குறித்ததும் எழுதும். புகைப்பதை அதற்கு முன்பே விட்டுவிடும். எலும்பு கூடுவதை அது கெடுக்கும். கொழும்புக்கு வரும்போது அந்த இரண்டு துளிகளையும் உமக்கு விட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
இராசரத்தினம்