கோர் ரோரி மதிலும் நம் கோட்டைமேடும்

சலாலா, ஓமான்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நல்ல சுகம். அங்கே நீங்கள், அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. அம்மா பக்கத்தில் நின்று சத்தமாகத் திருப்பிச் சொல்வதற்குள் விஷயம் தேய்ந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். கடைசியில் நம் அழகன்குளம் கோட்டைமேட்டுக் கொல்லையைப் பற்றி அண்ணனிடம் சொல்ல வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

சுற்றுலா வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இடங்களைக் காட்டிக் கொண்டுவந்து விடுவதுதான் வேலை. அறையில் நாலு பேர் இருக்கிறோம். இரண்டு பேர் மலையாளிகள், ஒருவர் திருநெல்வேலிக்காரர். சமையல் முறை வைத்துக்கொள்கிறோம். மீனுக்குக் குறைவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். சாளை இங்கே மலிந்து கிடக்கிறது. கடற்கரையில் பரப்பிக் காயவைத்து ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் தீனியாகவே போடுகிறார்கள்.

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. நம்மூரில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிற அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே மலையில் மோதிச் சாரலாக இறங்குகிறது. கரீஃப் என்கிறார்கள். வளைகுடா முழுக்க வெயிலில் வேகும்போது இந்த மூலை மட்டும் பச்சையாகக் குளிர்ந்து கிடப்பதால், சவுதி, துபாயிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். சாலையோரம் இளநீர், வாழைத்தார், பப்பாளி விற்கிறார்கள். தென்னந்தோப்புப் பக்கம் வண்டியை நிறுத்தினால் உச்சிப்புளியில் நிற்பதுபோலவே இருக்கிறது.

குளிர்காலத்தில் வருகிற ஐரோப்பியர்கள் வேறு மாதிரி. அவர்கள் பழைய இடங்களைப் பார்க்கவே வருகிறார்கள். மிர்பாத் ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக என் வண்டியில் ஏறுவார். மற்ற டிரைவர்கள் வண்டி நிழலில் படுத்துக்கொள்வார்கள். நான் கூடவே போய் அவர் சொல்வதையெல்லாம் கேட்பேன். இந்தக் கடிதத்தில் வருவதில் பாதி அவரிடம் கேட்டது. மீதி நானே தேடிப் படித்தது.

சலாலாவிலிருந்து கிழக்கே தாக்கா ஊரைத் தாண்டி, நாற்பது கிலோமீட்டர் அளவில் கோர் ரோரி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிவரும் வாதி தர்பாத் ஓடை கடலைச் சேருகிற முகத்துவாரம். இரண்டு பக்கமும் பாறை முனைகள், நடுவில் கடலுக்கு வாசல். ஒரு காலத்தில் கப்பல்கள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்து அலையில்லாத தண்ணீரில் நங்கூரம் போட்டிருக்கின்றன. இப்போது மணல் சேர்ந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. உள்ளே தேங்கிய நீரில் பூநாரைகள் மேய்கின்றன, ஒட்டகங்கள் இறங்கி நிற்கின்றன. அதன் கரை மேட்டில் சும்ஹுரம் என்ற துறைமுக நகரத்தின் மதில்கள் நிற்கின்றன.

மதுரை அளவு நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். மதிலுக்குள் இரண்டரை ஏக்கர்தான் இருக்கும். ஆனால் மதிலின் கனத்தைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு விலையுள்ள சரக்கு இருந்திருக்கும் என்று புரிந்துவிடும். வாசல் நேராக உள்ளே போகாது. குறுகலாக ஒடிந்து திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் இருந்த இடங்களைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். அந்த வாசல் சுவரில் பழைய தென்அரேபிய எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்றைய யேமன் பக்கம் இருந்த ஹத்ரமவுத் நாட்டு அரசரின் ஆணையால் நகரம் கட்டப்பட்டதையும், அவருடைய தலைநகரான ஷப்வாவிலிருந்து ஆட்கள் வந்து குடியேறியதையும் அவை சொல்கின்றன. பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து வந்தவர்களால்தான் இந்த ஊரே உண்டாயிற்று என்பதை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அந்த இடத்தில் நான் அந்நியனாக நிற்பதாகத் தோன்றவில்லை. உள்ளே கிணறு, சரக்கறைகள், கோயில், வீடுகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் தெரிகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 5ஆம் நூற்றாண்டுவரை ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

இத்தனை மதிலும் குந்திரிக்கம் என்ற வாசனைப் பிசினுக்காக. இங்கே லுபான் என்கிறார்கள். மலைக்குப் பின்னால் மழை எட்டாத வறண்ட பக்கத்தில்தான் அந்த மரம் நன்றாக வளர்கிறது. பட்டையைச் சின்ன உளியால் சீவிவிட்டால் பால் கசியும். அது காற்றில் இறுகக் கொஞ்ச நாள் விட்டு, பிறகு வந்து சுரண்டி எடுப்பார்கள். திரும்பத் திரும்பச் சீவிய பிறகு வருவதுதான் நல்ல சரக்கு. ரோமாபுரிக் கோயில்கள்வரை இது போயிருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தக் கடல்வழியை எழுதிவைத்த கிரேக்க வணிகர் ஒருவர் மோஸ்கா என்று ஒரு துறைமுகத்தைச் சொல்கிறார். அது இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குந்திரிக்கம் காவல்கூட இல்லாமல் குவியல் குவியலாகக் கிடந்தது, தெய்வமே காப்பதாக நம்பினார்கள் என்று எழுதியிருக்கிறார். அடுத்து அவர் சொல்வதைக் கேளுங்கள். தமிழகக் கரையிலிருந்தும் குஜராத்தின் பரூச்சிலிருந்தும் திரும்புகிற கப்பல்கள் பருவம் தப்பிப் பிந்திவிட்டால் இங்கேயே தங்கிவிடுமாம். துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்து அரசரின் ஆட்களிடம் குந்திரிக்கம் வாங்கிக்கொள்ளுமாம்.

காற்றுக்காகக் காத்துக் கிடப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடை விழுந்தால்தான் மேற்கே பாய் விரிக்க முடியும். கச்சான் எழுந்தால்தான் கிழக்கே திரும்ப முடியும். இடையில் மாட்டிக்கொண்டவன் மாதக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டியதுதான்.

அப்படிக் கிடந்திருக்கக்கூடிய ஒருவரின் பெயரும் கிடைத்திருக்கிறது அப்பா. இத்தாலியக் குழு ஒன்று இங்கே தோண்டியபோது கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. ‘ணந்தை கீரன்’ என்று அதைப் படித்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டை ஒட்டியது. பானை உடைந்த பிறகு அந்த ஓட்டை வட்டமாகத் தேய்த்து மூடியாக வைத்துப் புழங்கியிருக்கிறார்கள். கீரன் நம் சங்ககாலத்துப் பெயர். மதுரை நக்கீரர் பெயரிலும் அதுதான் இருக்கிறது. அந்த மனிதர் முதலாளியா, மாலுமியா, எந்தத் துறையில் கப்பல் ஏறினார் என்பதெல்லாம் ஓட்டில் இல்லை. என்னுடைய பானை என்று பெயர் கீறி வைத்தார், அது மட்டும் நிச்சயம். எங்கள் அறையில் நாலு பேரும் தட்டுக்கு அடியில் பெயிண்டால் பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

1950களில் அமெரிக்கர்கள் தோண்டியபோது இதே இடத்தில் இந்திய வேலைப்பாடுள்ள வெண்கலப் பெண் சிற்பம் ஒன்றும் கிடைத்தது. எனக்கு அந்தச் சிற்பத்தைவிட இந்த மூடி ஓடுதான் பெரிது.

சலாலாவுக்குள்ளேயே அல்பலீத் இருக்கிறது. அது பிற்காலத்துத் துறைமுகம். நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் நின்ற பெரிய பள்ளிவாசலின் அடித்தூண்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கிருந்து குதிரைகள் இந்தியாவுக்கு ஏறியதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியர்கள் அரேபியக் குதிரை வாங்கியே பெருஞ்செல்வத்தைக் கரைத்தார்கள் என்று சொல்வதும் அவர்தான். மொராக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இங்கே தங்கி, வெற்றிலையும் தென்னையும் இருப்பதைக் கண்டு வியந்திருக்கிறார். மாட்டுக்குச் சாளை போடுவதையும் அப்போதே குறித்துவைத்திருக்கிறார்! அவரே பிறகு இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் உடைந்து நம் மதுரைச் சீமைக் கரையில் ஒதுங்கியவர். அல்பலீதில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம் பெரியபட்டினத்திலும் அதே காலத்துச் சீன ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. இரண்டு கரைக்கும் ஒரே சரக்கு வந்து இறங்கியிருக்கிறது.

பாலைவனத்துக்குள் ஷிஸ்ர் என்று ஓர் இடம். அடியிலிருந்த குகை உள்வாங்கிக் கோட்டையே பள்ளத்தில் சரிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். மனதில் ஒட்டவில்லை.

உங்களை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்று நான் ஏங்கிய இடம் ராஸ் அல்ஜின்ஸ். அது வடக்கே சூர் பக்கம், ஓமானின் கிழக்கு முனை. ஒரு குழுவோடு வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போனேன். பச்சை ஆமைகள் முட்டையிட வருகிற கடற்கரை என்று எல்லாரும் ராத்திரி ஆமை பார்க்கப் போனார்கள். நான் பகலில் அங்கிருக்கும் காட்சிக்கூடத்தில்தான் நின்றேன். நாலாயிரம் ஆண்டுக்கும் முந்திய படகுகளின் மேல் தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய கீலை அங்கே எடுத்திருக்கிறார்கள். படகு மக்கிப்போயிற்று, கீல் மட்டும் கட்டி கட்டியாக மிஞ்சியிருக்கிறது. ஒரு பக்கம் நாணலும் கயிறும் அழுந்திய தடம். மறுபக்கம் கடலில் கிடந்ததால் ஒட்டிய கொட்டலசுகள். பழைய கீலைச் சுரண்டி எடுத்து, மறுபடி உருக்கிப் பூச எடுத்துவைத்திருந்தார்கள் என்கிறார்கள். சிந்துவெளி எழுத்துள்ள பானை ஓடும் அதே ஊரில் கிடைத்திருக்கிறது.

வள்ளத்தைக் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி நீங்கள் பூசுவீர்களே, அந்த வாடையே எனக்கு வந்தது. கூட வந்த படித்தவர்கள் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நீங்கள் நின்றிருந்தால் கயிற்றுத் தடத்தை வைத்தே எந்த முடிச்சு என்று சொல்லியிருப்பீர்கள்.

இன்னொன்றும் அங்கே நினைத்துக்கொண்டேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது உங்களுக்குப் பதினாலு வயது. இன்று அங்கே வேனில் வந்து இறங்குகிறவர்கள் இடிந்த மாதா கோயில் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். உங்களோடு போகும்போது மட்டும் நீங்கள் வெறும் மணலைக் காட்டி, இங்கே கஸ்டம்ஸ் ஆபீஸ், இங்கே தாத்தா டீ வாங்கித் தந்த கடை, ரயில் இந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே நடப்பீர்கள். சும்ஹுரத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் ஒரு பானை ஓட்டை எடுப்பதற்குக்கூட அது எந்த மண் அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று நூல் பிடித்து அளந்து எழுதுகிறார்கள். மண்தான் அங்கே சாட்சி.

இப்போது அண்ணன் விஷயம். கோட்டைமேட்டை ஒட்டிய நம் கொல்லையில் தை பிறந்ததும் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டப்போவதாகச் சொன்னான். வீடு கட்டட்டும், நல்லது. ஆனால் அழகன்குளம் மண் சாதாரண மண் இல்லை அப்பா. 1986 முதல் தொல்லியல் துறை பலமுறை அங்கே குழி போட்டிருக்கிறது. 2016-17இலும் தோண்டினார்கள். நீங்களும் வேடிக்கை பார்க்கப் போனீர்கள். ரோமானியக் காசு, தமிழ் பிராமி எழுதிய ஓடுகள், ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், சங்கு, மணிகள் எல்லாம் எடுத்தார்கள். கப்பல் படம் கீறிய ஓடும் வந்தது, ரோமானியர் பாணிக் கப்பல் என்கிறார்கள். கீழடி இருக்கிற அதே வைகை கடலைத் தொடுகிற இடம் நம்முடையது. சும்ஹுரமும் முகத்துவாரத் துறைமுகம், நம்முடையதும் முகத்துவாரத் துறைமுகம். அங்கே நகரத்தைச் சுற்றி வேலி போட்டு, பாதை போட்டு, உலகமே வந்து பார்க்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் 2000ஆம் ஆண்டே சேர்த்துவிட்டார்கள். நம் மேட்டின்மேல் நாம் குடியிருக்கிறோம். குடியிருக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நாம் எங்கே போவோம். கையை மட்டும் பார்த்து வைக்க வேண்டும்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். ஒரே வாரில் எல்லா அடுக்கையும் கலந்து கொட்டிவிடும். ஆள் வைத்து மண்வெட்டியால் தோண்டட்டும். ஓடுகள் நெருக்கமாக வந்தாலோ, பழைய செங்கல் வரிசையோ உறைகிணற்றின் வளையமோ தட்டுப்பட்டாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, எடுக்காமல், ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். காசு கிடைத்தால் மதினி புளி போட்டுத் தேய்த்துவிடக் கூடாது, எழுத்து போய்விடும். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்கிறது. நம்மூரில் எடுத்தவற்றில் சிலவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சொன்னால் போதும். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலை நின்றுவிடுமே, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவாரே என்று அண்ணன் சத்தம் போடுவான். நின்ற நாட்களுக்குக் கொத்தனார், சித்தாள் கூலி முழுவதும் நான் அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். இந்த மாதப் பணத்தோடு கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருக்கிறேன், அது அதற்குத்தான். அந்தப் பணத்தில் சிமென்ட் வாங்கிவிட வேண்டாம். வானம் தோண்டுகிற தேதியை முன்கூட்டியே எழுதுங்கள். முடிந்தால் லீவு கேட்டு அந்த வாரம் வந்து நானே குழிப் பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் வருகிறவர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்