வாசகருக்காகப் பேசும் பாத்திரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் புதியவர்களின் சிறுகதைகளுக்கு இடம் தருவது மகிழ்ச்சி. ஆனால் கரு நன்றாக இருந்தும், பல கதைகள் உரையாடல் வந்ததும் படுத்துவிடுகின்றன. பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல், வாசகருக்குத் தகவல் சொல்வதுதான் முக்கியக் காரணம்.

"அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. இந்த வீடு நம்ம ரெண்டு பேருக்கும்தானே அண்ணா?" இதில் அண்ணனுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. மாற்றிப் பார்ப்போம்:

"பத்திரம் எங்கண்ணா?"

"சாப்பிட்டியா?"

"பத்திரத்தைக் கேட்டேன்."

"அப்பா அலமாரியை இன்னும் யாரும் திறக்கலை."

எந்தக் கேள்விக்கும் நேரான பதில் இல்லை. தம்பி கேட்பதைத் தர அண்ணனுக்கு மனமில்லை என்பது புரிகிறது. அப்பா இல்லை என்பதும் சொல்லாமலே தெரிகிறது. எழுத உட்காரும் முன் இருவருக்கும் என்ன வேண்டும் என்று ஆளுக்கொரு வரி குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கே உரையாடலே வேண்டாம். இரண்டு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடலாம்.

"என்று சீறினாள்", "என்று கர்ஜித்தான்" என வரிக்கு வரி போடுவதும் தேவையில்லை. அதுவரை 'நீங்க' என்று பேசியவள் 'நீ' என்றாலே கோபம் தெரிந்துவிடும். தமிழ் நமக்குத் தரும் இந்த வசதியை ஏன் வீணாக்க வேண்டும்? இருவர் மட்டும் பேசும்போது நாலைந்து வரிக்கு ஒருமுறை 'என்றான்' போதும். மூன்றாமவர் வந்துவிட்டால் அது போதாது. யார் பேசுவது என்று அடிக்கடி காட்டாவிட்டால் வாசகர் மேலே போய்த் தேடுவார்.

இன்னொரு கோளாறு, ஒரே ஆள் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் "செல்கிறேன்" என்பது. அந்தக் குரல் அங்கேயே உடைந்துவிடும். வட்டார வழக்கில் எழுதுவோர் ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்படி எழுத வேண்டியதில்லை. வினைமுடிவும் சில சொற்களும் மாறினாலே ஆள் யாரென்று தெரியும்.

எழுதியதை வாய்விட்டுப் படிக்கட்டும். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீளம் என்று பொருள். "வா, உட்காரு, எப்படி இருக்கே?" போன்ற தொடக்க வரிகளைப் பெரும்பாலும் அப்படியே வெட்டலாம். சொல்லவந்ததைத் தள்ளிப்போடவே ஒருவர் நலம் விசாரிக்கிறார் என்றால் மட்டும் அவை இருக்கட்டும்.

கதைகளைத் திருப்பி அனுப்பும்போது, உரையாடல் எந்த இடத்தில் தொய்கிறது என்று ஒரு கோடு போட்டு அனுப்பினால் புதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சிறுகதை வாசகர்