முதலில் பட்டை, அப்புறம்தான் உயரம்

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருப்பார். வலிக்கிறது என்று அம்மா கட்டிலிலேயே உட்கார்ந்துவிடாமல் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல். மருமகள் மெக்கானிக்கல் எடுத்திருக்கிறாள் என்றது இன்னும் சந்தோஷம். நம் பாலிடெக்னிக் ஒர்க் ஷாப்பில் அரம் போட்டுப் போட்டுக் கை காய்த்துப்போன காலம் ஞாபகம் வந்தது. அவளும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

ஆமாம், நீ கேள்விப்பட்டது நிஜம். ஜீப் வாங்கிவிட்டேன். மஹிந்திரா எம்.எம். 540. குடியாத்தம் பக்கம் ஒரு அரிசி மில்லில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றது. பூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் என்ஜின், 2112 சி.சி., 62 குதிரைத்திறன். தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது, சேஸிஸ் மட்டும் கெட்டி. சுத்தியலால் முழுக்கத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசினேன். இப்போது நம் வீட்டு மாட்டுக்கொட்டகைதான் அதற்கு ஷெட். மாடு இல்லாமல் போய் ரொம்ப நாளாயிற்று, தகரக் கூரை நன்றாகத்தான் இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் புகுந்துகொள்கிறேன்.

நாலு இஞ்ச் தூக்கு, 31 இஞ்ச் டயர் மாட்டு, முன்னால் இரும்பு பம்பர் போடு, கூரைக்கு எல்.இ.டி. பார் போடு, முடிந்தால் என்ஜினையே மாற்று என்று எழுதியிருந்தாய். அன்பாகத்தான் சொல்கிறாய். ஆனால் இதில் எதையும் நான் செய்யவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தைக்கு ஏறுகிற வழி உனக்குத் தெரியும். நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது வட ஆற்காடு என்று ஒரே மாவட்டம். இப்போது அதே ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு, புதூர்நாடு திருப்பத்தூருக்கு, பீஞ்சமந்தை வேலூருக்கு என்று பிரிந்து கிடக்கிறது. ஆனால் மலைக்காரர்களுக்கு வண்டி என்றால் எங்கேயும் பழைய ஜீப்தான். சாமை மூட்டை, புளி, பலாப்பழம், பிரசவ வலி வந்த பெண், சந்தைக்குப் போகும் கிழவர் என்று எல்லாரையும் எல்லாவற்றையும் அந்த ஜீப்கள்தான் இத்தனை வருஷமாக இறக்கி ஏற்றியிருக்கின்றன. ஜீப்பை வாங்கும் முன்பே அடிவாரத்தில் போய் நின்று அந்த வண்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றில்கூடப் பெரிய டயர் இல்லை, தூக்கிக் கட்டிய உயரம் இல்லை. டிரைவர்களிடம் பேசினால் எல்லாரும் சொல்வது மூன்றே விஷயம்: வண்டியைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டை, பிரேக், லோ கியர். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மலை ஏறும், முக்கியமாக இறங்கும். எனக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

முதலில் பட்டை. உயரம் வேண்டும் என்று எல்லாரும் செய்கிற சுலபமான வழி, பட்டை அடுக்கில், அதாவது லீஃப் செட்டில், கூடுதலாக ஒரு பட்டையைச் சொருகுவது. வண்டி தூக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஸ்பிரிங் விறைத்துப்போகும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சிலின் நடுவே இருந்து சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். தொங்குகிற சக்கரத்தில் பிடிப்பே கிடையாது, அதனால் தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் ஒன்றும் போய்ச் சேராது. தொங்குகிறது மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். முன் ஆக்சிலில் ஒன்று, பின் ஆக்சிலில் ஒன்று என்று இப்படி ஆகிவிட்டால் நாலு சக்கர ஓட்டம் இருந்தும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே மலையில் ஜெயிப்பது உயரம் இல்லை மாப்ளே. நாலு காலும் தரையில் இருக்க வேண்டும், அதுதான்.

அதனால் கம்பெனி கொடுத்த பட்டை எண்ணிக்கையையே வைத்துக்கொண்டு, தொய்ந்துபோன வளைவை மட்டும் மீட்டேன். ராணிப்பேட்டை போகிற வழியில் லாரிப் பட்டை கட்டுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் வேலை செய்வதை நீ பார்க்க வேண்டும். செட்டை அவிழ்த்து, பட்டைகளைத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்தார். நல்ல நிலையில் இருந்த ஒரு பட்டையின் வளைவைச் சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் வரைந்துகொண்டார். அப்புறம் ஒவ்வொரு பட்டையாக இரும்புக் கட்டையின் பள்ளத்தில் வைத்து, சம்மட்டியால் அரை இஞ்ச் அரை இஞ்சாக நகர்த்தித் தட்டினார். நாலு தட்டு, சாக்பீஸ் கோட்டில் வைத்துப் பார்ப்பது, மறுபடி நாலு தட்டு. கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் அஞ்சு நிமிஷத்தில் வளைத்துவிடலாம், ஆனால் அப்படிச் செய்த பட்டையில் முறுக்கு போய்விடும், கொஞ்ச நாளில் மறுபடி தொய்யும். பச்சையாகத் தட்டினால்தான் நிற்கும். ஷேக்கிள் புஷ், சென்டர் போல்ட் எல்லாம் புதுசு. பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டும் புதுசுதான். ஒரு தடவை இழுத்து முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், அதைத் திரும்பப் போடக்கூடாது. போட்டு ஓட்டிய பிறகு மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். இதை மருமகளிடம் அழுத்திச் சொல்.

அடுத்தது ஆக்சில். முன் ஆக்சில் வடிகால் நட்டைக் கழற்றியபோது வந்தது ஆயிலே இல்லை, பால் விட்ட டீ. தண்ணீர் கலந்திருக்கிறது. ஆக்சிலின் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும், பார்த்திருப்பாய். மில் தூசியும் சேறும் அதை அடைத்துவிட்டிருந்தன. ஓடி ஓடி ஆக்சில் சூடானால் உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாமல், ஆயிலை உள்ளே அடைத்து வைத்திருக்கும் ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசியும். சூடான ஆக்சிலோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சீலை மட்டும் மாற்றி அனுப்பும் மெக்கானிக்கிடம் ஜீப் மூன்று மாதத்தில் திரும்பி வருவதற்கு இதுதான் காரணம். நான் பிரீதர் மூடியை எடுத்துவிட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் டியூபைச் சொருகி, பின்பக்கம் டெயில் லேம்புக்கு மேலேயும் முன்பக்கம் பானெட்டுக்குள்ளும் உயரமாக ஏற்றிக் கட்டினேன். செலவு ஒரு பிரியாணிக்கு ஆகிற காசுகூட இல்லை. எல்.இ.டி. பார் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்த டியூபைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்கு நிஜமாகவே வருத்தம்.

சீல் விஷயத்தில் ஒரு தொல்லை பட்டேன். ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லிக் கொடுத்த சீலின் உதடு கையில் எடுத்துப் பார்த்தபோதே விறைப்பாக இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டி பிரித்த சாமானை வாங்கமாட்டோம் என்றார்கள். கடை பேர் வேண்டாம், விடு.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் மாற்றியாயிற்று. ஓடை தாண்டி ஏறியதும் ஈர டிரம் பிடிக்காது, மெல்ல மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அதற்குத்தான் லோ கியர். இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் வேகம் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும், இழுவை அதே அளவு ஏறும். 62 குதிரை போதும் என்று நான் சொல்வது இதனால்தான். ஃபர்ஸ்ட் லோவில் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் தானாக இறங்கும், என்ஜினே பிடித்துக்கொள்ளும்.

நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். கத்திரி தொடங்கினால் பேப்பரில் வேலூர் 108 டிகிரி, 110 டிகிரி என்று முதல் வரிசையில் வந்துவிடும். லோ கியரில் மெல்ல ஏறும்போது ரேடியேட்டருக்குள் போக எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கிறதுதான். ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய ஷ்ரௌட் தகரத்தை யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள். பழைய தகர டிரம் ஒன்றின் தகடை வெட்டி நானே ஒன்று மடித்தேன். என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வும் இல்லை. வெயில் ஊரில் எதற்கு என்று எடுத்துவிடுவது இங்கே வழக்கம். அது தப்பு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் டீசல் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், புகையும் தேய்மானமும்தான் மிச்சம். புதுசு போட்டேன், ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்தேன். இப்போது சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டுவதில்லை.

டயர் பழைய 6.00-16தான். 31 இஞ்ச் போட்டால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 65 ஓடும். அது போகட்டும், கியரின் இழுவை குறையும், அதே டிரம் பிரேக் பெரிய சக்கரத்தை நிறுத்தப் போராட வேண்டும். மணலுக்குப் பெரிய டயரை விடக் காற்றைக் குறைப்பதுதான் வழி. பாலாற்றங்கரையில் மாமா நிலத்துக்குப் போகிற பாதை முழுக்க 2021 நவம்பர் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல், டிராக்டரே திணறும். டயர் காற்றை 30 பி.எஸ்.ஐ.-லிருந்து 18-க்கு இறக்கியதும் டயரின் அடி நீளமாகப் பரந்து, ஜீப் மிதந்தமாதிரி போயிற்று. டியூப் டயர் என்பதால் அதற்குக் கீழே போகமாட்டேன். ரிம்மில் டயர் நழுவினால் வால்வு அடியோடு கிழிந்துவிடும். தார் ரோடு வந்ததும் காற்றடித்து, நாலு சக்கர ஓட்டத்தையும் எடுத்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரம் ஓடும் தூரம் வேறு. மணலில் அந்த வித்தியாசம் வழுக்கித் தீர்ந்துவிடும், தாரில் கியர்களுக்குள் முறுக்கு ஏறும்.

என்ஜின் மாற்றுவதைப் பற்றி. வண்டி டி.என். 23 பதிவு, பதினைந்து வருஷம் தாண்டியது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் இருக்கிறது. கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டி அடிப்படையாக மாறக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. என்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். வெளியில் வாங்கி மாட்டுகிற இரும்பு பம்பரும் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. நடந்து போகிறவன் மேல் பட்டால் அவன் கதி என்ன? சட்டம் இல்லாவிட்டாலும் நான் போடமாட்டேன். இழுக்கிற கொக்கி மட்டும் சேஸிஸிலேயே நல்ல போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அப்புறம் அந்த எல்.இ.டி. பார். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக் கூடம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது, வானியலாளர் வைணு பாப்பு பேர் வைத்தார்கள். இருட்டு வானம் வேண்டும் என்றுதானே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த மலையில் போய் வெளிச்சத்தை வாரி இறைக்க எனக்கு மனசு வராது. ஹெட்லைட் ஒயரிங்கில், சுவிட்சைச் சுற்றாமல் பேட்டரியிலிருந்தே நேராகக் கரண்ட் விடும் ரிலே போட்டேன், பழைய விளக்கே பளிச்சென்று எரிகிறது. காப்புக்காட்டுக்குள்ளும் போவதில்லை. ஊர்ப் பாதை, வண்டிப் பாதை, மாமா நிலம், இதற்குள்ளேயே ஜீப்புக்கு வேண்டிய வேலை இருக்கிறது.

போன வாரம் அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் வரை ஏறி இறங்கினோம், பையனும் நானும். மலையில் ஒரு கிராமத்தில் இரண்டு சாமை மூட்டையோடு நின்ற அம்மாவை ஏற்றிக்கொண்டோம். மண் பாதையில் ஜீப் கொஞ்சமும் திமிறவில்லை. இறங்கி வந்ததும் பையன் தானாகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போய் யூ போல்ட் நட்டுகளைப் பார்த்தான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதற்காகத்தான் வீட்டிலேயே கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கடையில் விட்டிருந்தால் ஜீப் வந்திருக்கும், அவனுக்கு அந்தக் கண் வந்திருக்காது.

மருமகள் வந்தால் அடியில் வேலை செய்ய அவளுக்கும் இடம் இருக்கிறது. ஜாக்கியை நம்பி யாரும் படுக்க வேண்டியதில்லை, லேத்தில் சொல்லி நாலு கனமான ஸ்டாண்ட் செய்து வைத்திருக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு எல்லாரும் வாருங்கள். வள்ளிமலைக்குப் போகலாம். அம்மா ஏற வசதியாகப் பின்னால் ஒரு படி வெல்டிங் வைக்கிறேன், சீட்டுக்கும் நல்ல ஸ்பாஞ்ச் போடச் சொல்லியிருக்கிறேன். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கிறேன் என்று உன் தங்கச்சி இப்போதே சொல்கிறாள்.

ஒரே ஒரு வேலை உனக்கு. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் போனால் 540-இன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, உள்ளே கியரைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க் கிடைக்குமா என்று பார். என்னுடையது தேய்ந்திருக்கிறது, லோவிலிருந்து சில சமயம் தானாக வெளியே வருகிறது. கியர் தொடுகிற முனை இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்கு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வேண்டாம். விலை என்ன சொன்னாலும் எனக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் பேசு.

அன்புடன்,
உன் மச்சான்