வெட்டுப்பட்ட காஸ்பேஸைத் தேடி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. சொந்தமாக ஆய்வகம் தொடங்கிவிட்டாய், ரொம்ப சந்தோஷம். இங்கே வழக்கம்போலத்தான். மகனுக்குப் பரீட்சை, எனக்கு முதுகுவலி. இப்போதைக்கு முழு ஆரோக்கியத்தோடு இருப்பது எங்கள் மைனஸ் 80 ஃப்ரீசர் ஒன்றுதான்.

சரி, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது வேலை செய்யும் காஸ்பேஸ்-3 புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் தாளில் பட்டைகளாகப் பார்க்கும் சோதனை) பிடிக்க எந்த ஆன்டிபாடி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கம்பெனி இருக்கட்டும், எந்த வடிவத்தைப் பிடிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். நன்றாக இருக்கும் செல்லிலும் இந்தப் புரதம் சுமார் 35 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் சும்மா கிடக்கிறது. சாவதற்கான உத்தரவு வந்ததும் 175ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்து வெட்டு விழுகிறது. அப்புறம்தான் அது வேலை செய்யும் நொதி. அதனால் மொத்தப் புரதத்தையும் பிடிக்கிற ஆன்டிபாடி பட்டை காட்டினால் செல் சாகிறது என்று அர்த்தமில்லை. வெட்டு விழுந்த பிறகே வெளிப்படும் முனையைப் பிடிப்பதை வாங்கு. 17, 19 கிலோடால்டனில் பட்டை வரும்.

செல்லைச் சாகவைக்கும் ஸ்டாரோஸ்போரின் கொடுத்த ஜுர்காட் செல்லை (ரத்தப் புற்றுநோய் செல் வகை) பாசிட்டிவ் கன்ட்ரோலாக, அதாவது பட்டை வந்தே ஆக வேண்டிய மாதிரியாக, எல்லோரும் வைக்கிறார்கள். எனக்கு அது போதாது. பக்கத்திலேயே அதே மருந்து கொடுத்த எம்சிஎஃப்-7 செல்லையும் ஒரு லேனில் (ஒரு மாதிரி ஓடும் வரிசை) ஓட்டு. அந்த மார்பகப் புற்றுநோய் செல்லில் காஸ்பேஸ்-3 மரபணுவில் 47 எழுத்துகள் விடுபட்டுப்போனதால் புரதமே உருவாவதில்லை. ஆனாலும் செல் சாகும், காஸ்பேஸ்-7 இருக்கிறதே! அதே மெம்பிரேனில் காஸ்பேஸ்கள் வெட்டும் பார்ப் என்ற புரதத்தையும் பார். 116 கிலோடால்டன் பட்டை 89க்கு இறங்கியிருந்தால் செல் செத்ததற்கு அதுவே சாட்சி. அந்த லேனில் 17இல் ஏதாவது தெரிந்தால், உன் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. டேட்டாஷீட்டில் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, திருப்பி அனுப்பிவிடு. காஸ்பேஸ்-3ஐத் திரும்பப் புகுத்திய எம்சிஎஃப்-7 செல்களும் புழக்கத்தில் உண்டு, உன் செல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொள்.

உன் மாணவர்களிடம் ஒன்று சொல்லிவை. சாகும் செல் தட்டிலிருந்து பிய்ந்து மீடியத்தில், அதாவது செல் வளரும் திரவத்தில், மிதக்கும். கை பழக்கத்தில் மீடியத்தை உறிஞ்சிக் கொட்டினால் தேடுகிற செல்களே அதோடு போய்விடும். மீடியத்தை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததையும் சேர்த்து உடைத்து லைசேட் (புரதச் சாறு) எடுக்கணும். மெம்பிரேனின் துளை 0.2 மைக்ரான்தான், 0.45இல் சின்னத் துண்டு ஊடுருவிப் போய்விடும்.

பட்டை வரவில்லை என்றால் செல் சாகவில்லை என்றும் எழுதிவிடாதே. நெக்ரோப்டோசிஸ் என்ற இன்னொரு வகைச் செல் சாவுக்கு காஸ்பேஸ்-3 தேவையே இல்லை.

முதல் பிளாட் வந்ததும் படத்தை அனுப்பு. ஓரம் வெட்டாமல், மேலிருந்து கீழ்வரை முழுசாக. 17ஐ மட்டும் காட்டினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
மீனா