வாடகை வீட்டுக்குக் கடன் தருவோரே, வாடகையைப் பற்றியும் கேளுங்கள்

வாடகைக்கு விட வீடு வாங்குவோருக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள், வீட்டுக்கடன் நிறுவனங்களின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மாதச் சம்பளக்காரன். கடனில் வாங்கிய இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். முதல் வீட்டுக்கு ஒரு வங்கியில் கடன் கேட்டபோது சம்பளச் சீட்டு, கணக்கு அறிக்கை, வரித் தாக்கல், கடன் மதிப்பெண் என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். அந்த வீடு என்ன வாடகை கொண்டு வரும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆள் மாறும்போது எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்றும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய தொகையைக் கொடுப்பவர்கள் கேட்காத கேள்வி அவசியமில்லாத கேள்வியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன்.

முதலில் குடியிருந்தவர்கள் காலி செய்ததும் நான்கு மாதம் ஆள் வரவில்லை. அந்த இடைவெளியில் குளியலறைக் குழாயின் கசிவு சுவருக்குள் இறங்கி, பக்கத்து அறைவரை பூச்சு உதிர்ந்தது. நான்கு தவணையும் பழுதுச் செலவும் என் சம்பளத்திலிருந்து போயின. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை என்பதால் உங்கள் ஏட்டில் நான் நல்ல கடன்தாரன். வீட்டில் நாங்கள் அந்த ஆண்டை எப்படிக் கடந்தோம் என்பது உங்கள் ஏட்டில் வராது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு கடன் வாங்கும் முன்பே என் முன்னால் இருந்திருக்க வேண்டும். எந்த நாணயமானாலும் சரி, வீட்டின் விலை 100 என்று வையுங்கள். ஆண்டு வாடகை 8. விளம்பரத்தில் பார்க்கக் கவர்ச்சியான எண்தான். ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் கைக்கு வருவது 7.33. பழுது, வரி, காப்பீடு, ஆள் மாறும்போது வண்ணம் பூசுவது எல்லாவற்றுக்கும் 2 போனால் மிச்சம் 5.33. விலையில் 75 கடன், 7 சதவீத வட்டி, 25 ஆண்டு என்றால் ஆண்டுத் தவணை 6.36. ஆண்டுதோறும் 1 குறைகிறது. கையிலிருந்து 25 போட்டு வாங்கிய வீட்டுக்கு, வருடா வருடம் மேலும் 1 போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதே வீட்டுக்கு 50 மட்டும் கடன் வாங்கியிருந்தால் தவணை 4.24, மிச்சமான 5.33 அதைத் தாங்கிவிடும்.

நிகர வாடகையை ஆண்டுத் தவணையால் வகுக்கும் இந்த எண்ணை நீங்கள் டிஎஸ்சிஆர் என்கிறீர்கள். கடைகளும் அலுவலகங்களும் உள்ள பெரிய கட்டடத்துக்குக் கடன் கொடுக்கும்போது அது 1.20, 1.25 இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறீர்கள். மேலே சொன்ன வீட்டுக்கு, 75 கடனில் அது 0.84; 50 கடனில் 1.26. பெரிய முதலாளியின் கட்டடத்துக்குப் போடுகிற இந்த ஒரு வரி வகுத்தலை என் போன்றவரின் வீட்டுக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

சம்பளம்தான் இருக்கிறதே, குறைவதை அது ஈடுகட்டாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படித்தான் பதில் சொன்னார்கள். ஆனால் சிறு முதலீட்டாளர் பெரும்பாலும் தான் வேலை செய்யும் ஊரிலேயே, தனக்குத் தெரிந்த பகுதியிலேயே வீடு வாங்குகிறார். அந்த வட்டாரத்தில் தொழில் படுத்தால் குடியிருப்பவருக்கும் வேலை போகும், வீட்டுக்காரருக்கும் போகும். வாடகையும் சம்பளமும் ஒரே காற்றில் சாயக்கூடியவை. ஒன்று விழும்போது மற்றொன்று தாங்கும் என்று நினைத்து அனுமதிக்கும் கடனில் இந்த ஆபத்து கணக்கில் சேர்வதே இல்லை.

அடுத்தது மாறும் வட்டி. இதைத்தான் எல்லாவற்றையும் விட முக்கியமாக எழுத நினைத்தேன். என் கடனில் வட்டி ஏறியபோது தவணை ஏறவில்லை. நிம்மதியாக இருந்தேன். ஆண்டு அறிக்கையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தவணைக் காலம் நீண்டிருப்பது தெரிந்தது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இதே 7 சதவீத, 25 ஆண்டுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே வட்டி 8 ஆகி, தவணை மாறாமல் இருந்தால் கடன் முடிய 36 ஆண்டு ஆகும். ஒரே ஒரு சதவீதத்துக்குப் பதினோரு ஆண்டு. 9 ஆனால் அந்தத் தவணை வட்டிக்கே போதாது; கட்டக் கட்ட அசல் வளரும். காலத்தை நீட்டாமல் தவணையை ஏற்றினாலோ, முன்பு சொன்ன ஆண்டுப் பற்றாக்குறை 1 என்பது 2.2 ஆகிவிடும்.

இரண்டு சதவீதம் ஏறுவது அதிசயமல்ல. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தது. 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 வரை என்று ஆனது. பதினாறு மாதத்தில் நடந்தது இது. கடன் வாங்குபவர் 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு ஏற்றம் வரவே வராது என்று உங்களில் யாராவது உறுதி கொடுப்பீர்களா? பல நாடுகளில் கடன் அனுமதிக்கும் முன் வட்டி ஏறினால் தாங்குமா என்று வங்கிகள் தங்களுக்குள் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அந்தச் சோதனையின் முடிவை வாங்குபவருக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது வீட்டுக்குப் போனபோது நிலைமை தலைகீழ். முதல் வீட்டின் தவணை முழுவதையும் என் கடன் சுமையில் சேர்த்தார்கள். அதன் வாடகையை வருமானமாக ஏற்க மறுத்தார்கள். ஒப்பந்தம் இருந்தது, மாதா மாதம் கணக்கில் வரவு இருந்தது. வாடகையில் முக்கால் பங்கை மட்டும் கணக்கில் எடுக்கும் கடன் நிறுவனங்கள் உண்டு. காலி மாதமும் பழுதும் வரும் என்பதால் அந்தக் கழிவு நியாயமானது. அதை நான் வரவேற்கிறேன். முதல் முறை கேட்கவே இல்லை, இரண்டாம் முறை பூஜ்ஜியம் என்றால், இரண்டு முறையும் வீட்டை யாரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

கடனுக்கு முன் வீட்டைப் பார்த்து எழுதும் மதிப்பீட்டு அறிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குக் கட்டணம் கட்டியது நான். பிரதி கேட்டேன், வங்கியின் உள் ஆவணம் என்றார்கள். கசிவு அப்போதே அதில் எழுதப்பட்டிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கணக்கு சரியாக இல்லாததன் வலியை வீட்டுக்காரர் மட்டும் சுமப்பதில்லை. தவணைக்கே திணறுகிறவர் ஒழுகும் குழாயை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளுவார். ஒப்பந்தம் முடிந்த கையோடு வாடகையை ஏற்றுவார். நானே ஒரு முறை தண்ணீர் மோட்டார் பழுதை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கைக்குழந்தையோடு இருந்த குடும்பம் அது. அவர்கள் கோபப்படாமல் பொறுத்துக்கொண்டது இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடனின் சுமையில் ஒரு பங்கை எந்தக் கையெழுத்தும் போடாத அவர்கள் சுமந்தார்கள்.

ஆகவே கேட்பது இது. கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு தாள் கொடுங்கள். அதில் காலி மாதமும் செலவும் போன பின் நிற்கும் வாடகை, அதன் பக்கத்தில் ஆண்டுத் தவணை இருக்கட்டும். வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் தவணையும் காலமும் என்ன ஆகும் என்று எண்ணில் எழுதுங்கள். தவணைக் காலத்தை நீட்டுவதாக இருந்தால் என் சம்மதம் கேட்டு நீட்டுங்கள். கணக்கு இடித்தால் 75 வேண்டாம், 60 வாங்குங்கள், அல்லது இன்னும் சேமித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். அன்று என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனாலும் இரண்டு ஆண்டு காத்திருந்து வாங்கியிருப்பேன்.

மூன்றாவது வீட்டுக்காக இப்போது பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பிக்க வரும்போது அந்தத் தாளை நானே நிரப்பிக் கொண்டு வருவேன். தயவுசெய்து கோப்பின் அடியில் வைத்துவிடாதீர்கள். என் எதிரிலேயே படித்து, எந்த எண் தவறு என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு வீட்டுத் தவணை கட்டிவரும் ஒரு கடன்தாரர்